பன்னிரண்டாவது கதிரை

பெரிய வியாழன். பாசையூரில் காற்று விழுந்துபோன மாலை.
பீடத்தின் முன் பன்னிரண்டு கதிரை,
ஆட்கள் பதினொன்று.
அருமைத்துரைக்குச் சீனி வருத்தம், விரல் எடுத்து
பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறான்.
"இன்னுமொருத்தர் வேணும்" என்கிறார் சுவாமி.
துவாய்களை மடித்துக்கொண்டிருந்த எலோசியா நிமிர்ந்தாள்.
கடைசி வாங்கில் தூணோடு ஒட்டியிருந்த
என் பக்கமாய்த்
தலையாட்டினாள்.

ஒருதரம், மெல்ல.
தலையாட்டலுக்கு எவ்வளவு பாரம் என்று
இந்தக் கரையில் எனக்குத் தெரியும்.

தொண்ணூற்றாறு, ஆடி. சுற்றிவளைப்பு.
பந்தடிக்கிற வெளியில் ஆம்பிளையள் வரிசையாக.
ஜீப்புக்குள் ஒரு சாக்கு,
சாக்கில் இரண்டு ஓட்டை,
ஓட்டைக்குப் பின்னால் நான்.
முதல்நாள் இரவு என்னை என்ன செய்தார்கள் என்று சொல்லமாட்டேன்,
சொன்னால் அது வக்காலத்து ஆகிவிடும்.
சாக்கு வெங்காயம் மணத்தது.
நூறு முகத்தைப் போகவிட்டேன்.
பிறகு கிறிசோஸ்தம் வந்தான்.
ஒரே வள்ளத்தில் என்னோடு வலை இழுத்தவன்,
என் காலில் ஏறிய திருக்கை முள்ளைப்
பல்லால் கடித்து எடுத்தவன்.
ஓட்டைகளைப் பார்த்தான்.
கண்ணை அறிந்துகொண்டான் என்றே நினைக்கிறேன்.
தலை ஆடியது.
இல்லை. நான் ஆட்டினேன்.

எனக்கு வெள்ளிக்காசு முப்பது தரவில்லை.
ஒரு மாலுபாண், பிளாஸ்ரிக் கோப்பையில் பால்தேத்தண்ணி.
குடித்தேன்.
இனித்தது.

எலோசியாவுக்கு அன்று இருபத்திரண்டு வயது.
கலியாணப் படத்தைப் பாதியாக வெட்டி
அவன் இருக்கிற பாதியோடு
முகாம் முகாமாய், கந்தோர் கந்தோராய்.
வெட்டிய ஓரத்தில் அவளுடைய தோளும்
கொஞ்சம் சேலையும் மிஞ்சியிருந்தன.

ஒருக்கால் பூவரசில் நைலோன் கயிறு போட்டேன்.
முடிச்சு எனக்குக் கைவந்த வேலை.
இராயப்பரும் யூதாசும் ஒரே இரவில்தான் விழுந்தார்கள்;
ஒருவர் சேவல் கூவ அழுதார்,
மற்றவன் ஞாயிறு மட்டும் பொறுக்கவில்லை.
நான் கயிற்றை அவிழ்த்துக்கொண்டுபோய் வள்ளத்தைக் கட்டினேன்.
நல்லெண்ணத்தில் அல்ல,
நரகத்துக்குப் பயந்து.

மடுவில், முகம் தெரியாத ஒரு சுவாமியிடம் சங்கீர்த்தனம் சொன்னேன்.
வலைக்கதவுக்கு அப்பால் நெடுநேரம் மூச்சுச் சத்தம்.
அபராதம், ஐம்பத்துமூன்று மணி.
இருபது நிமிடத்தில் முடிந்துபோனது.
மன்னிப்பை வாங்கினேன்,
அதை எங்கே வைப்பதென்று தெரியாமல்
இத்தனை வருஷமும் கையிலேயே வைத்திருந்தேன்.
மற்றவர்களுக்குப் பெரிய சனி ஒரு பகல், ஓர் இரவு.
எனக்கு இன்னும் விடியவில்லை.
'பாதாளத்தில் இறங்கி' என்று விசுவாசப்பிரமாணம் சொல்லும் இடத்தில்
ஒவ்வொரு முறையும் நாக்கு நிற்கும்:
இறங்கியவர் அங்கே யாரைத் தேடினார்?
கழுத்தில் தடம் உள்ள ஒருவனையும்
பேர் சொல்லிக் கூப்பிட்டாரா?

கதிரையில் இருந்தேன்.
பிரசங்கத்தில் சுவாமி சொன்னார்:
"பன்னிரண்டு பேரில் ஒருத்தனைத் தாண்டிப் போனார்
என்று எங்கேயும் எழுதியில்லை."
அவர் முழங்காலில் ஊன்றிவர,
பக்கத்தில் பேசினோடு அவள்.
தண்ணீர் இளஞ்சூடு.
திருக்கை முள்ளின் பழைய தழும்பில்
விரல் ஒருகணம் தங்கியது,
சுவாமியுடையது.
அவள் துவாயை நீட்டினாள்.
எங்கள் கண்கள் சந்திக்கவில்லை.

அறிந்து ஆட்டினாளா, அறியாமல் ஆட்டினாளா?

பூசை முடிந்து மணிக்குப் பதில் மரத்தட்டை கடகடத்தது.
சனம் நற்கருணையின் பின்னே நடந்தது.
"எலோசியா, நான்..." என்றேன்.
"உந்தப் பேசினைப் பிடியுங்கோ" என்றாள்,
"கனக்குது. வெளியில கொண்டுபோய் ஊத்துங்கோ."

கோயிலுக்குப் பின்னால், நனைந்த காலில் மணல் ஒட்ட
ஊற்றாமல் நிற்கிறேன்.
பன்னிரண்டு பேரின் ஊத்தை இதற்குள்.
மின்குமிழ் வெளிச்சத்தில் சரித்துச் சரித்துப் பார்க்கிறேன்,
என்னுடையது எதுவென்று
பிரிக்க முடியவில்லை.